வேடம் பொய், வேதனை மெய்!

(பட்டிமன்றத் தலைப்பு: அயல்நாட்டுக் குழந்தைகள் இல்லங்களின் அவலத்தைப் பிரபலங்கள் மாறுவேடத்தில் போய் வெளிப்படுத்துவது அறமா? அத்துமீறலா? 'அறமே' என்ற அணியில் நிகழ்த்திய உரை.)



எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மா அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "அடுத்த வீட்டுக்குள்ளே பொய் சொல்லிப் புகுந்து, அவங்க அடுப்படி அழுக்கா இருக்குன்னு தெருவிலே நின்னு கத்துறது என்ன நாகரிகம்?" என்று. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்கு எதிராளியும் தட்டத்தான் வேண்டும். (சிரிப்பு) ஆனால் அம்மா, அந்த அடுப்படியிலே ஒரு பிள்ளையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தால்? அப்போதும் நாகரிகம் பார்த்துக்கொண்டு வாசலோடு திரும்பி வந்துவிடுவோமா?

எந்தச் சம்பவத்தை வைத்து இந்தத் தலைப்பே வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாரா பெர்குசன் என்ற அம்மையார். இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் மகன் ஆண்ட்ரூவை 1986-ல் மணந்தவர். 1996-ல் மணவிலக்கு ஆனவர். அதற்குப் பிறகும் யார்க் சீமாட்டி என்ற பட்டத்தோடுதான் இருந்தார். 1993-லேயே குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கியவர். இவர் 2008-ல், ஐ.டி.வி. என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக, துருக்கி நாட்டுக்கு மாறுவேடத்திலே போனார். தலையிலே கறுப்பு விக், அதன் மேலே முக்காடு. அவருடைய செம்பட்டை முடி உலகத்துக்கே தெரியும். முதலில் அதைத்தானே மறைக்க வேண்டும்!

போன இடம், தலைநகர் அங்காராவுக்கு அருகிலே, உடல் ஊனமும் மூளை வளர்ச்சிக் குறையும் உள்ள பிள்ளைகளுக்கான அரசாங்க இல்லம். இடத்தின் பெயர் சராய். நம்ம ஊரிலே சராய் என்றால் தாத்தா போட்ட கால்சட்டை. (சிரிப்பு) துருக்கியிலே சராய் என்றால் அரண்மனை! அரண்மனையிலே வாழ்ந்த ஒரு பெண், அரண்மனை என்று பெயர் வைத்த ஓர் இடத்துக்குள்ளே போனார். என்ன பார்த்தார்? கட்டிலிலே கட்டிப் போட்ட பிள்ளைகளைப் பார்த்தார். காலையிலிருந்து ராத்திரி வரை தொட்டிலுக்குள்ளேயே கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். ருமேனியாவுக்கும் அந்தக் குழு போனது. அவருடைய இரண்டு மகள்களும் அந்த நிகழ்ச்சியிலே பங்கெடுத்தார்கள். 2008 நவம்பரிலே ஒளிபரப்பானது.

துருக்கி அரசாங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்திலே சேரப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த நாடு அது. "எங்களைக் கேவலப்படுத்தி, சேரவிடாமல் பண்ணுகிற சதி" என்றார்கள். 2012-ல் அங்காரா நீதிமன்றத்திலே அவர் இல்லாமலேயே வழக்கு ஆரம்பித்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சட்டத்துக்குப் புறம்பாகப் படம் எடுத்தார், ஐந்து குழந்தைகளின் அந்தரங்கத்தை மீறினார் என்பது. கேட்ட தண்டனை அதிகபட்சம் இருபத்திரண்டரை வருஷம்! பிரிட்டன் அவரை ஒப்படைக்கவில்லை.

இதுதான் கதை. இப்போது எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "முறைப்படி அனுமதி கேட்டுப் போகக் கூடாதா?" போகலாம் ஐயா. போனால் என்ன நடக்கும்? நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலே படித்தவன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பத்து நாளைக்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி வரும். மூடி மேலே பளபளவென்று ஒரு டம்ளர் வரும். ஒருமுறை எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் அந்த டம்ளரிலே தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டான். வாத்தியார் அவன் காதைத் திருகி, "அது இன்ஸ்பெக்டர் பாக்குறதுக்குடா, நீ குடிக்கிறதுக்கில்ல!" என்றார். (சிரிப்பு, கைதட்டல்) மறுநாள் மூடியும் டம்ளரும் அலமாரிக்குள்ளே போய்விட்டன. இன்ஸ்பெக்டர் நோட்டிலே என்ன எழுதினார்? 'குடிநீர் வசதி நன்று.' அவர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். பார்க்க வைத்ததைப் பார்த்தார்!

சொல்லிவிட்டு வருகிறவனுக்கு டம்ளர் தெரியும். சொல்லாமல் வருகிறவனுக்குத்தான் தாகம் தெரியும். (கைதட்டல்)

நம்முடைய வள்ளுவப் பெருந்தகை இதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒற்றாடல். பத்துக் குறள். துறவி வேடத்திலே போகலாம் என்றும் சொல்கிறார். வாய்மை என்று ஓர் அதிகாரம் எழுதிய அதே வள்ளுவர்தான் இதையும் எழுதுகிறார். ஒற்றனை எதற்கு அனுப்பச் சொன்னார்? எல்லோருக்கும் நடப்பதை எல்லாம் தெரிந்துகொள்வது அரசனுடைய வேலை என்பதற்காக. வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல.

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார், "சரிங்க ஐயா, வேடம் வேணும்னே வெச்சுக்குவோம். அதுக்கு ஒரு சீமாட்டி எதுக்கு? விவரம் தெரிஞ்ச ஆட்கள் போய் அறிக்கை கொடுத்தா ஆகாதா?" என்று. நல்ல கேள்வி. தம்பி, அறிக்கை கொடுத்தார்கள்! மன நோயாளிகளின், ஊனமுற்றோரின் உரிமைக்காக வாஷிங்டனிலே இயங்கிய ஓர் அமைப்பு, 2005-லேயே துருக்கியின் நிலையை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. 'மூடிய கதவுகளுக்குப் பின்னால்' என்று தலைப்பு. அதிலே இதே சராய் இல்லம் இருக்கிறது. சீமாட்டி போவதற்கு மூன்று வருஷம் முன்னாலே!

அறிக்கையை யார் படிப்பார்கள் என்று என்னைக் கேளுங்கள், நான் பேராசிரியன். என்னுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை இதுவரை மூன்று பேர் படித்திருக்கிறார்கள். ஒன்று நான். இரண்டு, தட்டச்சு செய்த பையன். மூன்று, என் வழிகாட்டி. வழிகாட்டியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. (பலத்த சிரிப்பு) 2005-ல் அறிக்கை வந்தது. 2008-ல் காமிரா போனபோது என்ன இருந்தது? கட்டிலும் இருந்தது, கட்டும் இருந்தது. தெரிந்த முகம் ஒன்று போய் நின்ற பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. இது அந்தச் சீமாட்டிக்குப் பெருமை இல்லை ஐயா. நமக்குச் சிறுமை. பிள்ளை அழுதால் திரும்பாத நாம், பிரபலம் அழுதால் திரும்புகிறோம். இருக்கிற உலகம் இதுதான் என்றால், அந்தப் பிரபலத்தை அந்தப் பிள்ளைக்காகப் பயன்படுத்துவதிலே என்ன தப்பு?

"அந்தப் பிரபலமே பிறகு சரிஞ்சு போனாரே" என்றும் சொன்னார்கள். உண்மை. 2025-ல் வேறொரு விவகாரத்திலே அவர் பெயர் அடிபட்டது, பல அறக்கட்டளைகள் அவரை விலக்கிவிட்டன. நான் மறைக்கவில்லை. ஆனால் விளக்கைப் பிடித்தவர் பேரிலே ஆயிரம் குறை இருக்கட்டும். அந்த வெளிச்சத்திலே தெரிந்த பாம்பு, அதனாலே கயிறாகிவிடுமா? (நீண்ட கைதட்டல்)

இரண்டாவது வாதம்: "என்ன அவசரம்? பொறுமையாக, ராஜாங்க முறையிலே பேசித் திருத்தலாமே?" அவசரம் இருக்கிறது ஐயா. ருமேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். செளசெஸ்கு என்ற சர்வாதிகாரி, நாட்டிலே ஜனத்தொகை பெருக வேண்டும் என்று 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை போட்டான். பெற்றார்கள், வளர்க்க வழியில்லை. 1989 டிசம்பரிலே அவன் வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசாங்க இல்லங்களிலே இருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்களை உலுக்கியது எது தெரியுமா? நாற்றமா? பசியா? அதுவும்தான். ஆனால் அதைவிட, வரிசை வரிசையாகத் தொட்டில், அதிலே குழந்தைகள், ஆனால் சத்தமே இல்லை! தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை எதற்கு அழுகிறது? யாராவது வருவார்கள் என்று அழுகிறது. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால், அழுவதை நிறுத்திவிடுகிறது. தனக்குத் தானே முன்னும் பின்னும் ஆடிக்கொள்கிறது. தாலாட்ட ஆள் இல்லாத பிள்ளை, தன்னைத் தானே ஆட்டிக்கொள்கிறது!

அந்த நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்ட்டிலே, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். இல்லங்களிலே இருந்த 136 பிள்ளைகள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிலே கொண்டுபோய் விட்டார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. வீட்டுக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி, இல்லத்துப் பிள்ளைகளைவிட மேலே ஏறியது. அதிலும் இரண்டு வயதுக்குள்ளே ஒரு மடி கிடைத்த பிள்ளைக்குத்தான் அதிகப் பலன். அப்படியானால் என்ன அர்த்தம்? நீங்கள் மனுப் போட்டு, மனு மேஜை மேஜையாக நகர்ந்து, பதில் வருவதற்குள்ளே இரண்டு வருஷம் போய்விட்டால், அந்தப் பிள்ளையின் காலம் போய்விடும். கோப்பு காத்திருக்கும் ஐயா, மூளை காத்திருக்காது. (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். 1995-ல் பிரிட்டனின் சேனல் 4 ஒரு படம் காட்டியது. 'சாவு அறைகள்' என்று பெயர். கேட் பிளூவெட் என்ற பெண்மணியும் பிரையன் வுட்ஸ் என்பவரும், தொண்டு நிறுவனத்து ஆட்கள் போல நடித்துச் சீனத்து அநாதை இல்லங்களுக்குள்ளே போனார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சட்டம் இருந்த காலம். வீசி எறியப்பட்டவர்களிலே பெரும்பாலோர் பெண் குழந்தைகள். ஓர் இருட்டறையிலே மூட்டை போலக் கிடந்தது ஒரு பெண் குழந்தை. மெய் மிங் என்றார்கள். சீன மொழியிலே அதற்குப் 'பெயர் இல்லை' என்று அர்த்தமாம். படம் எடுத்த நாலாம் நாள் அந்தக் குழந்தை செத்துப் போயிற்று. பிறகு இல்லத்திலே கேட்டால், "அப்படி ஒரு குழந்தையே இங்கே இல்லை" என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். பெற்றவள் இல்லை. பெயர் இல்லை. பதிவேடு இல்லை. அந்தக் குழந்தை இந்தப் பூமியிலே இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி, பொய் சொல்லி உள்ளே போன காமிரா! இங்கே எது பொய், எது மெய் என்று நடுவர் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எப்போதும் வேடமிட்டுத்தான் போக வேண்டுமா? இல்லை. அதே கேட் பிளூவெட் அம்மையார் 2007-ல் இன்னொரு படம் எடுத்தார். பல்கேரியா நாட்டிலே மொகிலினோ என்ற கிராமத்து இல்லம். ஊனமுற்ற பிள்ளைகள். இந்த முறை வேடம் இல்லை, விக் இல்லை. அனுமதி வாங்கி, பகிரங்கமாக, மாதக் கணக்கிலே போய்ப் போய் எடுத்தார். பி.பி.சி. ஒளிபரப்பியது, பல்கேரியாவிலேயே ஜனங்கள் கொதித்தார்கள். 2009-ல் அந்த இல்லம் மூடப்பட்டது. 2010-ல் அரசாங்கமே, இப்படிப்பட்ட பெரிய இல்லங்களையெல்லாம் மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்புவது என்று திட்டம் போட்டது. அன்றைக்கு இல்லங்களிலே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பத்து வருஷத்திலே அது சில நூறாகக் குறைந்தது.

எதிரணி மேஜையைத் தட்டுகிறார்கள். "பாத்தீங்களா, நேர்வழியிலேயே நடந்துச்சே!" என்கிறார்கள். நடந்தது. ஏன் நடந்தது? கதவைத் திறந்தார்கள், அதனாலே நடந்தது! ஒரே பெண்மணிதான். திறந்த வீட்டுக்கு முகத்தோடு போனார். திறக்காத வீட்டுக்கு முகமூடியோடு போனார். வேடம் போட வைத்தது யார்? போனவரா, பூட்டியவரா? (பலத்த கைதட்டல்)

மூன்றாவது வாதம்: "அவங்க நாட்டு அழுக்கை அவங்க பார்த்துக்கட்டும், வெள்ளைக்காரன் என்ன யோக்கியனா?" இல்லை! நான் ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டன் போன நூற்றாண்டிலே, தன்னுடைய ஏழைப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கிலே கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய நாடு. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே, "உனக்கு யாருமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். 2010-ல் அந்த நாட்டுப் பிரதமர் கார்டன் பிரௌன் மன்னிப்புக் கேட்டார். ஆகவே துருக்கியைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி பிரிட்டனுக்கு இல்லை. ஆனால், கட்டிப் போட்ட பிள்ளையின் கட்டை அவிழ்க்க வருகிறவனிடம், "முதலில் உன் தாத்தா என்ன செய்தார் சொல்" என்று கேட்டுக்கொண்டிருந்தால், பிள்ளை கட்டோடுதான் இருக்கும். நாட்டுக்கு மானம் உண்டு. சரி. பிள்ளைக்கு?

கடைசியாக ஒன்று. எதிரணி சொன்னதிலே என்னை உண்மையிலேயே குத்திய வாதம் இது. "அந்தச் சீமாட்டி தன் முகத்தை விக் வெச்சு மறைச்சுக்கிட்டாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு முகத்தை மறைச்சுக்க என்ன இருந்துச்சு?" இதற்கு என்னிடம் கெட்டிக்காரப் பதில் இல்லை. அந்தக் கேள்வி நியாயம். அந்தப் பிள்ளைகள் அனுமதி கொடுக்கவில்லை, கொடுக்கவும் தெரியாது. அதனாலே வேடத்தை ஆதரிக்கிற நான், வேடத்துக்கு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லண்டனிலே 1885-ல் டபிள்யூ. டி. ஸ்டெட் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார். சிறு பெண்களை விலைக்கு வாங்கிவிடலாம் என்ற கொடுமையை நிரூபிக்க, ஐந்து பவுனுக்குப் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியைத் தானே வாங்கிக் காட்டி எழுதினார். ஊரே கொதித்தது. பெண்ணின் சம்மத வயதைப் பதின்மூன்றிலிருந்து பதினாறாக உயர்த்திச் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் தகப்பனிடம் சம்மதம் வாங்கவில்லை என்று அவர் மேலேயே வழக்கு. மூன்று மாதம் ஜெயில். போனார்! வெளியே வந்த பிறகும் வருஷா வருஷம் அந்த நாளிலே, ஜெயில் உடுப்பை எடுத்து மாட்டிக்கொள்வாராம். ஆனால் அந்தச் சின்னப் பெண்? அவள் பெயர் ஊர் பூராவும் சந்தி சிரித்தது. அவர் உடுப்பைக் கழற்றி வைக்கலாம். அவள் எதைக் கழற்றி வைப்பாள்?

பொற்கைப் பாண்டியன் கதை உங்களுக்குத் தெரியும். மாறுவேடத்திலே நகர் சோதனை போனவன். கீரந்தை வீட்டுக்குள்ளே ஆண் குரல் கேட்டது, கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் ஊரிலிருந்து திரும்பிய புருஷன். அந்தப் பெண் மேலே பழி வரக் கூடாதே என்று, தெருவிலே இருந்த அத்தனை கதவையும் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் சபையிலே, தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். நல்ல எண்ணத்தோடுதானே தட்டினான்? ஆமாம். அவளைக் காப்பாற்றத்தானே போனான்? ஆமாம். இருந்தும் விலை கொடுத்தான். அதைவிட முக்கியம், அவள் பேர் கெடாமல் பார்த்துக்கொண்டான்.

இதுதான் ஐயா அளவுகோல். போய்ப் பார், வேடமிட்டுப் பார். ஆனால் முதலில் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போ. உன் முகத்தை மறைத்தாயே, அதற்கு முன்னாலே அந்தப் பிள்ளையின் முகத்தை மறை. சட்டம் கேட்டால் பதில் சொல்ல நில். அந்தச் சீமாட்டி அங்காரா நீதிமன்றத்திலே போய் நின்றிருந்தால், அந்த மன்றமே அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் மேடையாக ஆகியிருக்குமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. சொல்வது எளிது, இருபத்திரண்டரை வருஷம் என்றால் நானும் யோசிப்பேன். (சிரிப்பு) எல்லாவற்றுக்கும் மேலே, படம் ஓடி முடிந்த பிறகும் போய்ப் பார். விக்கைக் கழற்றிய மறுநாளும் அந்தப் பிள்ளை அங்கேதான் கிடக்கிறது.

இத்தனை விலையும் சொல்லிவிட்டு, மறுபடியும் சொல்கிறேன்: அது அறமே! ஏனென்றால் தராசிலே ஒரு பக்கம், ஒரு பொய், ஒரு விக், ஒரு நாட்டின் கோபம். இன்னொரு பக்கம், அழுதால் யாராவது வருவார்கள் என்பதையே மறந்துவிட்ட ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் ஒருவர் வந்தார். எந்த முகத்தோடு வந்தார் என்று நாம் இங்கே உட்கார்ந்து வாதாடுகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: யாரோ வந்தார்கள்.

தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)